வான்கோழிக் குழல் கடைய எந்த மரம் நல்லது?

வான்கோழி வேட்டைக்காரர்கள் பறவையின் குரலை எழுப்பி அதை அழைக்கும் குழலுக்கு ட்ரம்பெட் என்று பெயர் வைத்திருக்கிறார்களே தவிர, இந்தக் குழலை யாரும் ஊதுவதில்லை. உதட்டைக் குவித்து நுனியில் வைத்து, முத்தம் கொடுப்பதுபோல் காற்றை உள்ளே இழுக்க வேண்டும். இழுக்கும்போது உதடு அதிரும். அந்த அதிர்வு ஆறேழு அங்குலக் குழலுக்குள் நிற்கும் காற்றைப் பிடித்துக்கொண்டு பெட்டை வான்கோழியின் ‘யெல்ப்’ குரலாக வெளியே வரும். முதலில் மெல்லிய உச்சக் குரல், உடனே கரகரப்போடு கீழே இறங்கும் குரல். அமெரிக்கக் காடுகளில் வசந்த காலத்தில் சேவலைப் பக்கத்தில் வரவழைக்க வேட்டைக்காரர்கள் நம்பும் கருவிகளில் இது கொஞ்சம் பிடிவாதக்காரர்களின் கருவி. பழகுவதற்கே சில வாரம் பிடிக்கும்.

இதற்கு முன்னோடி எலும்பு. வான்கோழியின் சிறகிலுள்ள ரேடியஸ், அல்னா, ஹ்யூமரஸ் என்ற மூன்று எலும்புகளையும் சுத்தம் செய்து, சிறியதைப் பெரியதற்குள் செருகி ஒட்டினால் நுனியில் குறுகி முனையில் விரியும் ஒரு குழல் கிடைக்கும். மரக்குழலின் உள்வடிவம் அதிலிருந்து வந்ததுதான். 20-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் மெம்ஃபிஸ் நகரத்து டாம் டர்பின் செய்த மரக்குழல்களைத்தான் இன்றும் பலர் மாதிரியாக வைத்துக் கடைகிறார்கள்.

கடையத் தொடங்குகிறவர்கள் முதலில் கேட்பது, “எந்த மரம் நல்ல சத்தம் கொடுக்கும்?” என்பதைத்தான். கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக் கேட்கச் சொல்வேன்: எந்த மரம் போட்ட துளையைப் போட்டபடியே வைத்திருக்கும்? சத்தம் கொடுப்பது உள்ளே இருக்கும் காற்று. மரம் அதற்குச் சுவர். 1971-ல் ஜான் கோல்ட்மன் என்ற இயற்பியலாளர் ஒரே உள்ளளவில் வெள்ளி, செம்பு, மரம் மூன்றிலும் புல்லாங்குழல் செய்து, ஊதுகிறவரையும் கேட்கிறவரையும் வைத்துச் சோதித்தார். எது எந்தக் குழல் என்று அவர்களால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. அதற்காக மரம் எதுவானாலும் சரி என்று அர்த்தமில்லை. சுவர் சொரசொரப்பாக இருந்தால், காற்று கசிந்தால், வட்டத் துளை முட்டை வடிவமாகிவிட்டால் குரல் கெடும். இந்த மூன்றும் நடக்குமா நடக்காதா என்பதை முடிவு செய்வது மரம்தான்.

முட்டை வடிவம் எப்படி வருகிறது என்று தெரிந்துகொண்டால் பாதி மரங்களைக் கடையிலேயே ஒதுக்கிவிடலாம். மரம் காயும்போது நீளவாட்டில் அநேகமாகச் சுருங்காது. குறுக்கே சுருங்கும், அதுவும் இரண்டு திசையில் இரண்டு விதமாக. ஆண்டு வளையத்தை ஒட்டிய திசையில் அதிகம். நடுவிலிருந்து பட்டையை நோக்கிய திசையில் குறைவு. ஹார்ட் மேப்பிள் என்ற அமெரிக்க மரம் பச்சையிலிருந்து முழுக்கக் காய்வதற்குள் ஒரு திசையில் 9.9 சதவீதமும் இன்னொரு திசையில் 4.8 சதவீதமும் சுருங்குகிறது, ஏறக்குறைய இரண்டு மடங்கு. காய்ந்த பிறகும் மழைக்கால ஈரத்துக்கும் குளிர்கால வறட்சிக்கும் இடையே இதே விகிதத்தில்தான் சின்ன அளவில் ஆடிக்கொண்டிருக்கும். குழலின் வாய்ப்பக்கத்தில் மரத்துக்குள் செருகி ஒட்டும் பித்தளைக் குழாய் ஆடாது. மரம் ஆட, பித்தளை ஆடாமல் நிற்க, ஒன்று ஒட்டு விடும், அல்லது மரம் வெடிக்கும். நாதஸ்வரம் கடையும் நரசிங்கம்பேட்டை ஆசாரிகள் பழைய வீடுகளின் ஆச்சா மர உத்திரத்தைத் தேடிப் போவதும் இதற்காகத்தான். பல பத்தாண்டு காய்ந்து, ஆட வேண்டிய ஆட்டமெல்லாம் ஆடி அடங்கிய மரம் அது.

அளவைச் சொல்லிவிட்டு மரங்களுக்கு வருகிறேன். கட்டை ஒன்றேகால் அங்குலச் சதுரம், 4 அங்குல நீளம். கடைந்து முடிக்கும்போது உடல் மூன்றேகால் அங்குலம், விரிமுனை வெளிவட்டம் ஒரு அங்குலத்துக்குச் சற்று மேல். உடலின் குறுகிய பக்கத்தில் கால் அங்குலப் பித்தளைக் குழாய் செருகப்படும். அதன் மறுநுனியில் எலும்பு, மான்கொம்பு அல்லது டெல்ரின் பிளாஸ்டிக்கில் கடைந்த வாய்முனை, துளை சுமார் 3 மில்லிமீட்டர். எல்லாம் சேர்த்து ஆறரை அங்குலத்துக்குள் அடங்கும். இது தொடங்குவதற்கான அளவு. உதட்டுக்கு உதடு கொஞ்சம் மாறும்.

எனக்கு முதலிடம் ஒசேஜ் ஆரஞ்சு என்ற அமெரிக்க மரம். இது பலா, மல்பெரி ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்தது. பலாக்கட்டையை அறுத்துப் பார்த்தவர்களுக்கு இதன் மஞ்சள் புதிதாக இருக்காது. அறுத்த அன்று கண்ணைப் பறிக்கும். வெயில் படப்பட வெல்லப்பாகு நிறத்துக்கு இறங்கும். ஒசேஜ் பழங்குடியினர் வில் செய்த மரம் இது. முள்கம்பி வருவதற்கு முன்னால் அமெரிக்கச் சமவெளி விவசாயிகள் வரிசையாக நட்டு வேலியாக வளர்த்ததும் இதைத்தான். தெற்கில் ‘போடார்க்’ என்பார்கள், பிரெஞ்சில் வில் மரம் என்ற பொருளுடைய சொல் திரிந்தது. ஜான்கா கடினம் சுமார் 2,620 பவுண்டு. அதாவது 0.444 அங்குல இரும்புக் குண்டைப் பாதி ஆழம் மரத்தில் அழுத்த அவ்வளவு விசை வேண்டும். கன அளவுச் சுருக்கம் சுமார் 9 சதவீதம்தான். உள்ளூர் அமெரிக்க மரங்களில் இவ்வளவு கடினத்தோடு இவ்வளவு அமைதியான மரங்கள் குறைவு.

ஆனால் நான் இதை முதலில் வைப்பதற்குக் காரணம் வேறு. வைரம் பாய்ந்த பகுதியில் இதன் நாளங்கள் எல்லாம் டைலோஸ் என்ற திசுவால் அடைபட்டிருக்கும். ரெட் ஓக்கில் ஒரு சின்னக் குச்சியை எடுத்து, ஒரு முனையைச் சோப்புத் தண்ணீரில் நனைத்து, மறுமுனையில் வாய் வைத்து ஊதிப் பாருங்கள். நுரை பொங்கும். மரத்தின் நாளம் உறிஞ்சுகுழல் மாதிரித் திறந்து கிடக்கிறது. அதே நீளத்தில் ஒசேஜ் குச்சியை எடுத்து ஊதினால் கன்னம்தான் வலிக்கும், ஒரு குமிழி வராது. உறிஞ்சி இயக்கும் கருவிக்கு இந்த ஒரு சோதனை போதும். எந்தப் புது மரம் கையில் கிடைத்தாலும், கடைவதற்கு முன் இதைச் செய்துவிடுங்கள். ரெட் ஓக் ஏன் இந்த வேலைக்கு ஆகாது என்பதும் அப்போதே விளங்கிவிடும்.

பழைய வேலிக் கம்பமாகக் கிடைத்தால் இன்னும் நல்லது. காலம் அதை ஏற்கெனவே காய வைத்திருக்கும். அறுக்கும் முன் காந்தத்தை நீளவாட்டில் ஓட்டிப் பார்க்க வேண்டும். உள்ளே புதைந்த முள்கம்பி ஆணி ரம்பத்தின் பல்லைக் கொண்டுபோய்விடும். வைரத்தைச் சுற்றியுள்ள வெளுப்புப் பகுதியைச் சேர்க்காதீர்கள். அது மென்மையானது, வைரத்தோடு ஒன்றாக ஆடாது.

ஆப்பிரிக்கக் கருமரம், ஆங்கிலத்தில் பிளாக்வுட், கிளாரினெட்டும் ஓபோவும் செய்யப்படும் மரம். தான்சானியா, மொசாம்பிக் பக்கம் வளர்வது. பெயரைக் கேட்டுக் கருங்காலி என்று நினைத்துவிடக் கூடாது. இது நம் ஈட்டி மரத்தின் இனம். ஜான்கா 3,670 பவுண்டு, கன அளவுச் சுருக்கம் 8 சதவீதத்துக்கும் கீழே. தண்ணீரில் போட்டால் மூழ்கும். துளையை உப்புத்தாள் தொடாமலேயே கண்ணாடி மாதிரி விடும்; விரிமுனையை ஒன்றரை மில்லிமீட்டருக்கு மெல்லிசாக்கினாலும் உதிராது. உளிகளைச் சீக்கிரம் மழுக்கும், விலையும் அதிகம். இசைக்கருவி செய்யும் பட்டறைகளின் மிச்சத் துண்டாகக் கட்டை கிடைத்தால் விடாதீர்கள். மெழுகு பூசி விற்கும் கட்டை பெரும்பாலும் உள்ளே இன்னும் ஈரமாக இருக்கும். அதை வாங்கிய வாரமே கடைவது பணத்தைக் கொளுத்துவதுதான்.

பலருக்கும் பிடித்த கோகோபோலோவும் அதே ஈட்டி இனம்தான், மத்திய அமெரிக்க மரம். 2,960 பவுண்டு, சுருக்கம் 7 சதவீதம். கணக்கில் பார்த்தால் அருமையான மரம். ஆரஞ்சும் சிவப்பும் கருங்கோடும் கலந்த அழகுக்காகவே இதைத் தேடுகிறார்கள். சிக்கல் அதன் எண்ணெயில் இருக்கிறது. துளையிடும்போது கவனித்தால் தெரியும்: முதல் அரை அங்குலத்துக்கு ட்ரில் பிட்டிலிருந்து ஆரஞ்சுத் தூள் உலர்வாக உதிரும். அதன்பின் தூள் வருவது குறையும், சத்தம் மாறும், இனிப்பும் காரமும் கலந்த ஒரு வாசனை எழும். பிட்டை வெளியே எடுத்தால் அதன் சுருள் பள்ளத்தில் தூள் செங்கல் குழம்பு மாதிரி அப்பியிருக்கும். அந்த இடத்தில் நிறுத்தாமல் அழுத்தினால் பிட் சூடாகும், எண்ணெய் இளகும், மரம் உள்ளே விரிந்து பிட்டை இறுகப் பிடிக்கும், கட்டை கடைசல் இயந்திரத்தின் பிடியிலேயே (சக்) நீளவாட்டில் பிளக்கும். கால் அங்குலத்துக்கு ஒருமுறை பிட்டை முழுக்க வெளியே எடுத்து, அசிட்டோன் தோய்த்த துணியால் துடைத்து, ஆறவிட்டுத்தான் திரும்ப உள்ளே போக வேண்டும். வேகம் நிமிடத்துக்கு 500 சுற்றுக்கு மேல் வேண்டாம்.

இந்தத் தூள் பலருக்குத் தோல் தடிப்பும் கண் எரிச்சலும் தரும். முதல் தடவை ஒன்றும் ஆகாதவர்களுக்கும் பத்தாவது தடவை வரலாம். வர ஆரம்பித்தால் ஒவ்வொரு முறையும் கூடும். முகமூடி, முழுக்கைச் சட்டை, தூள் உறிஞ்சி மூன்றும் கட்டாயம். குழலுக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது: வாங்குகிறவர் இதன் வழியாகக் காற்றை நெஞ்சுக்குள் இழுக்கப்போகிறார். துளையில் ஒட்டிய தூள் அவர் நுரையீரலுக்குத்தான் போகும். கோகோபோலோவில் வாய்முனை கடையவே கூடாது என்பேன். உதடு படும் இடம் எலும்பாகவோ டெல்ரினாகவோ இருக்கட்டும். அரளி மாதிரி விஷமுள்ள மரங்களை எந்தப் பகுதிக்கும் நினைத்துக்கூடப் பார்க்காதீர்கள்.

கருமரமும் கோகோபோலோவும் அடங்கிய ஈட்டி இனம் ஏறக்குறைய முழுவதும், அருகிவரும் உயிரினங்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் இருக்கிறது. நாட்டின் எல்லை தாண்டி விற்கிறவர்கள் கட்டை வாங்கிய ரசீதைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும், காகித வேலையை முன்கூட்டியே விசாரிக்க வேண்டும்.

பெர்சிமன் மரத்தைப் பற்றிக் கொஞ்சம் வக்காலத்து வாங்க ஆசை. கருங்காலிக்கும் பீடி இலை தரும் தும்பிலிக்கும் உடன்பிறப்பு, அமெரிக்கத் தெற்குக் காடுகளில் தானாக வளர்வது. உலோகத்தில் வருவதற்கு முன்பு கோல்ஃப் மட்டையின் தலையை இதில்தான் செய்தார்கள். மரத்தின் பெரும்பகுதி வெளிறிய வெளுப்புதான். கருத்த வைரம் நடுவில் கொஞ்சம் இருந்தால் உண்டு. அந்த வெளுப்பே 2,300 பவுண்டு கடினம், நெருங்கிய நுண்ணிய இழை, துளை சுத்தமாக வரும். குறை ஒன்றே ஒன்று, ஆனால் பெரியது: கன அளவில் 19 சதவீதம் சுருங்குகிறது. அவசரக்காரர்கள் கையில் வெடித்துத்தான் தீரும். இரண்டு வருடம் பொறுக்கத் தயாரானவர்களுக்கு இதைவிட மலிவான நல்ல கட்டை இல்லை. ஆப்பிரிக்கக் கருங்காலியான கபோன் எபனியும் ஏறக்குறைய இவ்வளவு சுருங்கும். விலை பல மடங்கு. முனையில் மயிரிழை வெடிப்பு வரும் பழக்கமும் உண்டு. அதனால் நான் அதைப் பரிந்துரைப்பதில்லை.

வால்நட், செர்ரி இரண்டும் 1,000 பவுண்டை ஒட்டிய மரங்கள். கடைய சுகம், பார்க்க அழகு. துளைச் சுவரில் மட்டும் பஞ்சு மாதிரி நார் எழும்பி நிற்கும், குரல் மூச்சுக் கலந்து வரும். துளைக்குள் மெல்லிய சூப்பர் க்ளூவை ஊற்றிச் சுழற்றி, காய்ந்தபின் துளையைச் சரியான அளவுக்குச் சீவும் ரீமரை இன்னொரு முறை ஓட்டினால் சரியாகும். மேப்பிள் அதைவிட மேல். சுருள் ரேகை ஓடும் மேப்பிளில் பிசின் ஏற்றிய கட்டை வாங்கினால் வேலை எளிது. வெற்றிடத்தில் பிசினை இழுக்கவிட்டுச் சூட்டில் இறுக்குவார்கள். எண்ணெய் மரங்களில் இந்த முறை எடுபடாது, பிசின் நுழைய இடமே இருக்காது.

ரெட் சிடார் வேண்டாம். பெட்டி வடிவ அழைப்பானுக்கு அது பெயர் பெற்ற மரம், ஏனென்றால் அங்கே மரமே அதிர்ந்து பாடுகிறது. குழலில் அது மென்மை. விரிமுனை ஒருமுறை கீழே விழுந்தால் போயிற்று.

எந்த மரமானாலும் கட்டையைத் தேர்ந்தெடுக்கும் விதம் ஒன்றுதான். ஒரு முனையை இரண்டு விரலால் தொங்கவிட்டுப் பிடித்து இன்னொரு கட்டையால் தட்டுங்கள். கணீர் என்றால் வாங்கலாம். சொத்தென்று கேட்டால் ஈரம், அல்லது உள்ளே வெடிப்பு. ரேகை கட்டையின் நீளத்தோடு நேராக ஓட வேண்டும். சாய்ந்து வெளியே போகிற ரேகை ட்ரில்லையும் தன்னோடு சாய்க்கும். கணு, மரத்தின் மையச்சோறு இரண்டும் இருக்கக் கூடாது. வீட்டுக்குக் கொண்டுவந்ததும் சமையல் தராசில் எடை பார்த்து, தேதியோடு கட்டையிலேயே எழுதிவையுங்கள். வாரம் ஒருமுறை நிறுத்து, தொடர்ந்து நான்கு வாரம் எடை மாறாமல் நின்றால் அது காய்ந்த கட்டை.

துளையை இரண்டு தவணையாகப் போடுவதுதான் காற்றுக்கருவிப் பட்டறைகளின் வழக்கம். முதலில் இறுதி அளவைவிட ஒன்றரை மில்லிமீட்டர் சிறிய துளை, வெளியே சுமாரான உருளை. அப்படியே காகிதப் பையில் போட்டு மூன்று வாரம் விட்டுவிட வேண்டும். துளையால் உள்ளிருந்தும் காற்று படுகிறது, மரத்துக்குள் அடங்கியிருந்த இறுக்கம் தளர்கிறது, ஆட்டம் இப்போதே நடந்து முடிகிறது. அதன்பின் ரீமரால் இறுதி அளவு. வெளிப்புறத்தை எப்போதும் துளையை அச்சாக வைத்துத்தான் கடைய வேண்டும். வெளியைக் கடைந்துவிட்டுத் துளை போட்டால் ட்ரில் அரை மில்லிமீட்டர் விலகினாலும் ஒரு பக்கச் சுவர் காகிதமாகிவிடும். முடிந்ததும் ஒரு டார்ச்சை விரிமுனையில் வைத்து மறுபக்கம் கண்ணை வையுங்கள். சுவர் முழுக்க ஒளி வழுக்கிக்கொண்டு வர வேண்டும். வளையம் வளையமாகத் தெரிந்தால் பிட் நடுங்கியிருக்கிறது. மங்கலான திட்டு தெரிந்தால் அங்கே நார் எழும்பியிருக்கிறது.

பித்தளை சேரும் இடத்தில் மரத்துக்கு வெளியே ஒரு உலோகப் பூண் போடாமல் விடாதீர்கள். வெடிப்பில் பெரும்பாலானவை இங்கேதான் தொடங்குகின்றன. செருகும் துளை பித்தளையைவிட முடியளவு பெரியதாக, கையால் தள்ளினால் போகிற மாதிரி இருக்கட்டும். அடித்து இறக்குகிற இறுக்கம் கூடாது. பித்தளையை உப்புத்தாளால் கீறி, எண்ணெய் மரமென்றால் துளையை அசிட்டோனால் துடைத்து, சில நிமிடத்துக்குள் எபாக்ஸி பசை வைத்துவிட வேண்டும். நேரம் விட்டால் எண்ணெய் மறுபடி மேலே வரும். சூப்பர் க்ளூ இங்கே வேண்டாம், அது இறுகினால் நெகிழாது.

மேற்பூச்சில் கோகோபோலோக்காரர்கள் ஏமாறுகிற ஒரு இடம் இருக்கிறது. அதன் எண்ணெய், எண்ணெய்ப் பூச்சுகளையும் வார்னிஷையும் காயவிடாது. வாரக்கணக்கில் பிசுபிசுவென்றே நிற்கும். மெழுகு நீக்கிய அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்து முதலில் இரண்டு பூச்சு கொடுத்தால் தடுப்பு உண்டாகும், அதன்மேல் எது போட்டாலும் காயும். ஒசேஜுக்கும் கருமரத்துக்கும் உள்ளே இரண்டு மெல்லிய அரக்குப் பூச்சே தாராளம். டங் எண்ணெய் போட்டால் மூன்று வாரம் காயவிட்டு, விரிமுனையில் மூக்கை வைத்து முகர்ந்து பாருங்கள். வாசனை மிச்சம் இருந்தால் இன்னும் வாய்க்குத் தயாரில்லை.

முடித்த குழல் சரியில்லை என்றால் மரத்தைக் குறை சொல்வதற்குமுன் கசிவைப் பாருங்கள். விரிமுனையை உள்ளங்கையால் இறுக மூடி நுனியில் உறிஞ்சினால் நாக்கு இழுபட்டு ஒட்ட வேண்டும். ஒட்டாவிட்டால் பித்தளைச் சேர்க்கையில் எங்கோ வழி இருக்கிறது. உச்சக் குரல் வந்து கரகரப்பு வராவிட்டால் வாய்முனைத் துளை சின்னது, 0.2 மில்லிமீட்டராக ஏற்றிக்கொண்டே போகலாம். இரண்டும் வந்து நடுவில் கொப்பளிக்கிற சத்தம் கேட்டால் நுனியில் எச்சில் தேங்குகிறது. உள்விளிம்பின் கூர்மையை எடுத்து மெருகேற்றினால் வழிந்துவிடும். இதெல்லாம் சரியாக இருந்தும் குரல் மாதத்துக்கு மாதம் மாறினால்தான் மரத்தைச் சந்தேகிக்க வேண்டும். விரிமுனையின் உள்வட்டத்தைக் காலிபரால் இரண்டு திசையில் அளந்து குறித்துவையுங்கள், மழைக்காலத்தில் ஒன்று, குளிர்காலத்தில் ஒன்று. இரண்டு திசைக்கும் வித்தியாசம் 0.2 மில்லிமீட்டரைத் தாண்டினால் அந்தப் பலகையில் மிச்சமிருக்கும் கட்டைகளை இன்னும் ஒரு வருடம் அலமாரியில் கிடத்துங்கள்.